இல்லாத கல்லறைத் தோட்டம்

வியன்னா நகரத்தின் ஓரத்தில் ஒரு சிறுவன். வயது ஐந்து. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு கல்லறைத் தோட்டம். கூட வரும் பிள்ளைகள் பேச்சும் சிரிப்புமாக அதைக் கடந்துபோக, இவனுக்கு மட்டும் தினமும் கால் பின்னுகிறது. ஒருநாள் மற்றவர்களை முன்னே போகவிட்டுத் தனியாகப் பின்தங்கினான். புத்தகப் பையை வேலியில் மாட்டினான். கல்லறைகளுக்கு நடுவே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினான், திரும்பி ஓடினான். பயம் விட்டுப்போகும்வரை ஓடிக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு அந்தப் பாதை அவனை ஒன்றும் செய்யவில்லை.

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உளவியலில் தனக்கென ஒரு பள்ளியை உருவாக்கிய ஆல்ஃபிரெட் அட்லர். பயத்தைத் தானே வென்ற அந்த நாளை அவர் வளர்ந்த பிறகும் பல தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டார். கடினமான நேரங்களில் அது அவருக்குத் துணை நின்றது. ஏறக்குறைய 35 வயதில், கூடப் படித்த ஒருவரைச் சந்தித்தபோது, "அந்தக் கல்லறைத் தோட்டம் இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். நண்பருக்குப் புரியவில்லை. அங்கே கல்லறைத் தோட்டம் எதுவும் இருந்ததே இல்லை என்றார். அட்லர் விடாமல் பழைய தோழர்கள் வேறு சிலரிடமும் விசாரித்தார். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

இந்தச் சம்பவத்தை அட்லர் மறைக்கவில்லை. அவரே எடுத்துச் சொன்னார். அவரைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். ஒரு மனிதரின் குணத்தை அறிய அவருடைய முதல் நினைவைக் கேட்க வேண்டும் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவரே, தன் நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு நினைவு நடக்காத ஒன்றைப் பற்றியது என்று அறிந்துகொண்டார். அப்படியானால் அந்த நினைவுக்கு மதிப்பே இல்லையா? அட்லரின் பதில் நேர்மாறானது. நடந்ததோ நடக்கவில்லையோ, ஒரு மனம் ஆயிரக்கணக்கான நாட்களிலிருந்து எதை எடுத்து வைத்துக்கொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்றார் அவர். தைரியத்தைப் பயிற்சி செய்தே பெற முடியும் என்று நம்பிய ஒருவருக்கு அந்தக் கல்லறைத் தோட்டம் தேவைப்பட்டது.

அவர் அப்படி நம்புவதற்குக் காரணங்கள் இருந்தன. 1870இல் பிறந்த அட்லர் நோஞ்சான் குழந்தை. ரிக்கெட்ஸ் நோயால் கைகால் சரியாக எழவில்லை. உடம்பில் கட்டுகளோடு தான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க, எதிரே ஆரோக்கியமான அண்ணன் ஓடியாடிக்கொண்டிருப்பதுதான் அவருடைய மிகப் பழைய நினைவுகளில் ஒன்று. சின்னத் தம்பி ஒருவன் பக்கத்துப் படுக்கையிலேயே இறந்துபோனான். பிறகு அவருக்கே கடுமையான நிமோனியா வந்து, பார்த்த மருத்துவர் கைவிரித்துவிட்டார். பிழைத்தெழுந்த பையன் தானும் டாக்டராவது என்று முடிவு செய்தான். உடலின் குறையை மனிதன் எப்படி ஈடுகட்டுகிறான் என்று வாழ்நாள் முழுக்க எழுதியவரின் கதை இப்படித் தொடங்குவதில் ஆச்சரியமில்லை.

தம்மிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் அட்லர் கேட்பார்: உங்களுக்கு நினைவு தெரிந்த முதல் சம்பவம் எது? 1929இலும் 1931இலும் வந்த அவருடைய நூல்களில் இப்படிக் கேட்டுப் பெற்ற கதைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்று என் மனதைவிட்டு அகலாதது. வளர்ந்த ஓர் ஆண். எதிலும் துணிந்து இறங்கத் தயங்குகிறவர். யாரையும் நம்ப முடியாதவர். தம்மைவிட இன்னொருவரைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும் என்று எப்போதும் சந்தேகப்படுகிறவர். அவருடைய முதல் நினைவு இது: அம்மா அவரையும் தம்பியையும் சந்தைக்கு அழைத்துப் போகிறாள். திடீரென்று மழை. அம்மா சட்டென்று அவரைத் தூக்கிக்கொள்கிறாள். அடுத்த கணம் தம்பியைப் பார்க்கிறாள். இவன் பெரியவன் ஆயிற்றே என்று இறக்கிவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொள்கிறாள்.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய, ஒரு நிமிடம்கூட நீடிக்காத நிகழ்ச்சி. அதே அம்மா அவரை எத்தனையோ நாள் இடுப்பில் சுமந்திருப்பாள். அந்த நாட்களெல்லாம் போய்விட்டன; இறக்கிவிட்ட அந்த ஒரு கணம் மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கணம் அவரை இப்படி ஆக்கியது என்று அட்லர் சொல்லவில்லை. இப்படி வாழ்கிற ஒருவர் தம் வாழ்க்கைக்குச் சாட்சியாக அதை எடுத்து வைத்திருக்கிறார் என்றார். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும். விதையிலிருந்து மரம் வருகிற மாதிரி முதல் நினைவிலிருந்து குணம் வருவதாகத்தான் நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஆராய்ச்சிகள் காட்டுவது அதுவல்ல.

இந்த விஷயத்தைத் தொட்ட முதல் ஆள் அட்லர் அல்ல. 1890களிலேயே அமெரிக்காவில் கரோலின் மைல்ஸும், பிரான்சில் விக்டர் ஆன்ரி, கேத்தரின் ஆன்ரி தம்பதியும் கேள்வித்தாள் அனுப்பி மக்களின் முதல் நினைவுகளைத் திரட்டினார்கள். பெரும்பாலும் மூன்று வயதை ஒட்டித்தான் அவை தொடங்குகின்றன என்று அப்போதே தெரிந்தது. ஆன்ரி தம்பதியின் தரவை எடுத்துக்கொண்டு சிக்மண்ட் ஃபிராய்ட் 1899இல் ஒரு கட்டுரை எழுதினார். பெரும் சம்பவங்கள் மறந்துபோக, ஏன் ஒன்றுமில்லாத காட்சிகள் இவ்வளவு துல்லியமாக நிற்கின்றன என்பது அவருடைய கேள்வி. அவை ஒரு திரை, பின்னால் வேறொன்றை மறைக்கின்றன என்பது அவர் விடை. அட்லருக்கு முதல் நினைவு மனிதரைக் காட்டிக்கொடுப்பது. ஃபிராய்டுக்கு அது மறைப்பது. சேர்ந்து இயங்கிவந்த இருவரும் 1911இல் பிரிந்ததற்குக் காரணங்கள் வேறு, ஆனால் இந்தப் பிளவும் அந்தப் பிரிவின் சாயலைக் கொண்டது.

ஃபிராய்டின் திரை இன்று பெரிதாக எடுபடுவதில்லை. ஆனால் அதே கட்டுரையில் அவர் கவனித்த ஒன்று மிகக் கூர்மையானது. உங்கள் பழைய நினைவு ஒன்றை இப்போதே எடுத்துப் பாருங்கள். அதில் குழந்தையாக இருக்கும் நீங்கள் தெரிகிறீர்களா? தெரிந்தால், யாருடைய கண்ணால் பார்க்கிறீர்கள்? அன்றைக்கு உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது எதிரே நின்றவர்களும் சுற்றியிருந்த பொருட்களும்தான். உங்கள் முகம் அல்ல. உங்களையே வெளியிலிருந்து பார்க்கிற காட்சி பிற்பாடு தயாரானது என்பதற்கு இதைவிட எளிய ஆதாரம் வேண்டாம். 1983இல் ஜார்ஜியா நிக்ரோவும் உல்ரிக் நைஸரும் இதை ஆய்வு செய்தபோது, நினைவு பழசாக ஆக இப்படி வெளியிலிருந்து பார்ப்பது கூடுகிறது என்று கண்டார்கள்.

நம் வீடுகளில் இதற்கு நல்ல உதாரணம் காதுகுத்து. மாமா மடியில் உட்கார்ந்திருந்தது, மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தது, ஆசாரி கம்பியோடு குனிந்தது, வீல் என்று அழுதது, வாயில் சர்க்கரை போட்டது எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது என்பவர்கள் உண்டு. குத்தியபோது வயது ஒன்று. ஆல்பத்தில் இருக்கும் புகைப்படத்தையும், ஆண்டுக்கணக்கில் அத்தையும் பாட்டியும் சொல்லிச் சிரித்ததையும் கொண்டு மனம் அந்தக் காட்சியை வரைந்துகொண்டிருக்கிறது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது மற்ற எந்த நினைவையும் போலவே கண்முன் தெரிகிறது.

இப்படிப்பட்டவர்கள் எவ்வளவு பேர் என்று பிரிட்டனில் பார்த்தார்கள். ஷாஜியா அக்தரும் மார்ட்டின் கான்வேயும் சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 6,641 பேர் தங்கள் முதல் நினைவையும் அப்போதைய வயதையும் எழுதினார்கள். ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் இரண்டு வயது அல்லது அதற்கு முந்தைய நினைவு என்றார்கள். 893 பேர் ஒரு வயதிலோ அதற்கும் முன்போ நடந்தது என்றார்கள். தள்ளுவண்டியில் படுத்திருந்தது, முதல் அடி எடுத்து வைத்தது மாதிரியானவை. அவற்றில் பெரும்பாலானவை, பின்னால் கேட்டதும் பார்த்ததும் சேர்ந்து உருவானவை என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இதில் ஏமாறாதவர் யாருமில்லை. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ஜான் பியாஜே, இரண்டு வயதில் தன்னைக் கடத்த ஒருவன் முயன்றதைத் தெளிவாக நினைவு வைத்திருந்தார். பாரிஸ் நகரின் ஷான்ஸெலிஸே வீதி, தள்ளுவண்டி, தடுத்துப் போராடிய தாதியின் முகத்தில் கீறல், ஓடிவந்த போலீஸ்காரர். அவருக்கு ஏறக்குறைய 15 வயதானபோது அந்தத் தாதியிடமிருந்து கடிதம் வந்தது. எல்லாம் தான் கட்டிய கதை என்று ஒப்புக்கொண்டு, வீரத்துக்காகப் பெற்ற கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பியாஜேயின் மனதில் அந்தக் காட்சி அதற்குப் பிறகும் அழியவில்லை.

அப்படியானால் உண்மையான நினைவுகள் எங்கே போகின்றன? குழந்தைகளுக்கு ஞாபகமே கிடையாது என்று நினைப்பது தவறு. மூன்று வயதுப் பிள்ளை போன தீபாவளியைப் பற்றி வாய் ஓயாமல் பேசும். அமெரிக்காவில் பாட்ரிசியா பாவரும் மரீனா லார்கினாவும் மூன்று வயதுக் குழந்தைகள் தாயோடு பேசிய சம்பவங்களைப் பதிவு செய்து வைத்து, பிற்பாடு ஐந்து முதல் ஒன்பது வயது வரை வெவ்வேறு வயதில் கேட்டுப் பார்த்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு வயதில் பாதிக்கும் மேலானவை நினைவில் இருந்தன. எட்டு, ஒன்பது வயதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டன. ஆக, மறதி நமக்கு முதுமையில் வருவதற்கு வெகு முன்பே, ஏழு வயதை ஒட்டி ஒரு பெரும் மறதி வந்துபோகிறது. அதைக் கடந்து வந்தவர்கள்தான் நாம் எல்லாரும்.

மூளையின் தரப்பில் ஒரு விளக்கம் டொராண்டோவிலிருந்து வந்தது. நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் சிறு வயதில் புதிய நரம்பணுக்கள் வேகமாகப் பிறக்கின்றன. அவை வந்து சேரும்போது பழைய இணைப்புகள் கலைந்துபோகின்றன என்று ஷீனா ஜோஸ்லினும் பால் ஃபிராங்க்லண்டும் எலிகளில் 2014இல் காட்டினார்கள். மனிதக் குழந்தைக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் குழந்தை மூளை பதிவே செய்வதில்லை என்ற பழைய எண்ணமும் இப்போது நிற்கவில்லை. விழித்திருக்கும் குழந்தைகளை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துப் படங்கள் காட்டி நடத்திய ஆய்வொன்று 2025இல் வெளியானது. ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளிடமே ஹிப்போகாம்பஸ் ஒரு படத்தைப் பதிவு செய்வது அதில் தெரிந்தது. அழிந்துபோகிறதா, இருந்தும் எட்டாமல் போகிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி.

எட்டாமல் போகிறது என்பதற்கு நியூசிலாந்தின் டனிடின் நகரில் ஹார்லின் ஹெயினும் கேப்ரியல் சிம்காக்கும் செய்த ஓர் அழகான சோதனை இருக்கிறது. குழந்தைகளின் வீட்டுக்கே ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுபோனார்கள். பெயர், பொருட்களைச் சிறிதாக்கும் மாய எந்திரம். நெம்புகோலை இழுத்தால் விளக்கு எரியும். மேலே ஒரு பெரிய பொம்மையைப் போட்டு, பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால், கீழே உள்ள கதவைத் திறக்கும்போது அதே பொம்மை சின்னதாக வந்திருக்கும். இரண்டே கால் வயதிலிருந்து மூன்றே கால் வயது வரையான குழந்தைகள். பார்த்த எந்தக் குழந்தை மறக்கும்? ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி போனார்கள். எந்திரத்தை முன்னால் வைத்தால், எதை இழுக்க வேண்டும், எதைச் சுற்ற வேண்டும் என்று கைகள் செய்துகாட்டின. படங்களைக் காட்டினால் அடையாளம் சொன்னார்கள். ஆனால் வாயால் சொல்லச் சொன்னபோது, ஒரு குழந்தைகூட, சம்பவம் நடந்த சமயத்தில் தனக்குத் தெரியாதிருந்த ஒரு சொல்லைப் பயன்படுத்தி அதை விவரிக்கவில்லை. இடைப்பட்ட மாதங்களில் அந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இருந்தும் புதுச் சொல்லைக் கொண்டு பழைய அனுபவத்தைத் தொட முடியவில்லை.

இந்தச் சோதனையை நான் முதலில் படித்தபோது, நம் ஒவ்வொருவருக்குள்ளும் சொல் கிடைக்காமல் நின்றுவிட்ட இரண்டு வருடங்கள் இருக்கின்றன என்பது உறைத்தது. யார் நம்மைத் தூக்கினார்கள், எந்தக் குரல் கேட்டதும் அழுகை நின்றது என்பதெல்லாம் உடம்பின் பழக்கமாகவும் மனிதர்களிடம் நாம் வைக்கும் நம்பிக்கையாகவும் தங்கியிருக்கலாம். கதையாக மட்டும் வரவே வராது. குணத்தை உருவாக்கியதில் அந்த வருடங்களுக்குப் பங்கு உண்டு என்றால், அந்தப் பங்கை நம் முதல் நினைவு சொல்லப்போவதில்லை; அது அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது.

தொடங்கிய இடத்திலேயே நிற்பதும் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கரோல் பீட்டர்சன் நான்கு முதல் 13 வயது வரையான 140 பிள்ளைகளிடம் முதல் நினைவைக் கேட்டு, இரண்டு வருடம் கழித்து அதே பிள்ளைகளிடம் மறுபடி கேட்டார். சிறு பிள்ளைகள் பெரும்பாலும் வேறொன்றைச் சொன்னார்கள். முன்பு சொன்னதை எடுத்துக்கொடுத்தபோதும், அப்படி ஒன்று தங்களுக்கு நடக்கவே இல்லை என்று சாதித்தவர்கள் உண்டு. பத்து வயதைத் தாண்டியவர்கள்தான் சொன்னதையே பெரும்பாலும் திரும்பச் சொன்னார்கள். அதாவது முதல் நினைவு என்று நாம் ஒன்றைப் பிடித்துக்கொள்வது, நான் யார் என்ற கேள்வி எழத் தொடங்கும் வயதில். நிலைத்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. நினைக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுகிறது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த சுவர் மாதிரி, மேல்பூச்சு எது, முதல் பூச்சு எது என்று சுரண்டிப் பார்த்தாலும் சொல்ல முடியாது.

ஊருக்கு ஊர் இது மாறுவதும் கவனிக்க வேண்டியது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களையும் சீன மாணவர்களையும் சி வாங் ஒப்பிட்டு 2001இல் எழுதினார். அமெரிக்கர்களின் முதல் நினைவு சராசரியாக மூன்றரை வயதில்; சீனர்களுடையது அதைவிட ஏறக்குறைய ஆறு மாதம் தள்ளி. உள்ளடக்கமும் வேறு. அமெரிக்கர் சொன்னது நீளமானது, ஒரு நாளில் தனக்கு நடந்த ஒன்று, அதில் தான் என்ன உணர்ந்தேன் என்பது. சீனர் சொன்னது சுருக்கமானது, வீட்டாரோடும் அக்கம்பக்கத்தாரோடும் வழக்கமாகச் செய்தது. நியூசிலாந்தில் ஷெல்லி மெக்டொனால்டும் சகாக்களும் 2000இல் கண்டது இன்னும் சுவையானது. ஐரோப்பிய வழியினருக்கு முதல் நினைவு சராசரியாக 43 மாத வயதில். ஆசிய வழியினருக்கு 58 மாதம். மாவோரி மக்களுக்கு 33 மாதம். மாவோரிகள் பரம்பரைக் கதையையும் பிறப்புக் கதையையும் போற்றிச் சொல்கிறவர்கள். குழந்தை வளரும் வீட்டில் கடந்த காலம் எப்படிப் பேசப்படுகிறதோ, அப்படித்தான் அதன் நினைவும் வேர்விடுகிறது.

இனி ஆளுமைக்கு வருவோம். முதல் நினைவைச் சொன்னால் குணத்தைச் சொல்லிவிடுகிறோம் என்று அட்லருக்குப் பின்னால் வந்த பலரும் முயன்றார்கள். 1958இல் ஹெரால்ட் மோசக் அதை ஓர் உளவியல் சோதனையாகவே வகுத்தார். சிகிச்சைக்கு வந்தவரோடு பேச்சைத் தொடங்க அது நல்ல வழி என்பதை நான் ஏற்கிறேன். அதற்கு மேல், ஒரே ஒரு நினைவைக் கொண்டு ஒருவரை இன்னார் என்று எடைபோடுவதை ஏற்க முடியாது. கேட்கும் நாளின் மனநிலை, கேட்பவர் யார் என்பது, கொஞ்ச நாள் முன்பு வீட்டில் பேசிக்கொண்டது எல்லாம் சேர்ந்தே எது மேலே வரும் என்று தீர்மானிக்கின்றன. கான்வே தம் கோட்பாட்டில் சொல்வதும் இதற்கு அருகில்தான் வருகிறது: இன்று நமக்கு என்ன வேண்டும், நம்மை நாம் யாராக எண்ணுகிறோம் என்பதற்கு ஒத்துப்போகிறவை எளிதில் வருகின்றன, ஒத்துப்போகாதவை பின்தங்கிவிடுகின்றன.

நினைவின் பொருளைவிட, அதைச் சொல்லும் விதம் ஒருவரைப் பற்றி அதிகம் சொல்கிறது. 1986இல் மார்க் வில்லியம்ஸ், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டித் தங்களுக்கு நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னார். மற்றவர்கள் ஒரு நாளை, ஓர் இடத்தைச் சொன்னார்கள். இவர்களுக்கு "அப்பாவோடு நடக்கப்போவது உண்டு" என்கிற மாதிரிப் பொதுவாகத்தான் வந்தது; குறிப்பாக ஒரு நாளைப் பிடிக்க முடியவில்லை. ஆழ்ந்த மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இது பிற்பாடு பல தடவை உறுதியானது. கடந்த காலத்தை நாள் நாளாகப் பிரித்து எடுக்க முடிவது, அதற்குக் காரணமும் பொருளும் சொல்லிக்கொள்ள முடிவது, மனநலத்தோடு சேர்ந்த ஒரு திறமை.

அந்தத் திறமையைக் குழந்தை எங்கே கற்கிறது? பேச்சில். திருச்செந்தூர் போய்வந்த மறுநாள் ஒரு வீட்டில் நடக்கிற பேச்சு இது:

"கோயில் வாசல்ல என்ன நின்னுச்சு?"

"ஆன."

"ஆமாடா கண்ணு, யானை. உன் தலையில என்ன பண்ணுச்சு?"

"கை வச்சுச்சு."

"தும்பிக்கைய வச்சு ஆசீர்வாதம் பண்ணுச்சு. ஈரமா இருந்துச்சுல்ல? நீ ஏன் அப்பா கழுத்தக் கட்டிக்கிட்ட?"

பக்கத்து வீட்டிலும் அதே யானையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "கோயில்ல என்ன பாத்த? யானை. வேற? வேற என்ன? நல்லா யோசிச்சுச் சொல்லு." முதல் தாய் குழந்தை சொன்னதை வாங்கி, ஒன்றைச் சேர்த்து, ஏன் என்று கேட்டுத் திருப்பித் தருகிறாள். இரண்டாவது தாய்க்கும் அன்பு குறைவில்லை; ஆனால் அங்கே நடப்பது தேர்வு.

இந்த இரண்டு வகைப் பேச்சையும் அமெரிக்காவில் ராபின் ஃபிவுஷும் நியூசிலாந்தில் இலேன் ரீஸும் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வகைப் பேச்சோடு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் முதல் நினைவு இன்னும் இளம் வயதிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் அப்படிப் பேசும் தாய்கள் வேறு விதத்திலும் வேறானவர்களாக இருக்கலாமே என்ற சந்தேகம் எழும். அதனால் ரீஸ் ஒரு சோதனை வைத்தார். ஒன்றரை வயதுக் குழந்தைகளின் தாய்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு வருடம் இப்படிப் பேசப் பழக்கிக்கொடுத்தார். வேறெதையும் மாற்றவில்லை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து 15 வயதானபோது, அவர்களுடைய வாழ்க்கையைத் திருப்பிய ஒரு சம்பவத்தைச் சொல்லக் கேட்டார்கள். பழக்கம் பெற்ற தாய்களின் பிள்ளைகள், இது நடந்ததால் நான் இப்படி மாறினேன் என்று காரணத்தோடு கோத்துச் சொன்னார்கள். மனச்சோர்வின் அறிகுறிகளும் நடத்தைச் சிக்கல்களும் அவர்களிடம் குறைவாக இருந்தன. தாய்கள் பேசப் பழகிய அந்த ஒரு வருடத்திலிருந்து எந்தச் சம்பவத்தையும் நினைவில் வைத்திருக்கும் வயதில் அந்தப் பிள்ளைகள் அப்போது இல்லை.